வயிறு பார்த்து வாங்கிய ஆறு மீன்

மீன் என்றாலே எனக்கு அருவருப்பு. இருபது வருஷத்துக்கு மேலாகக் காசிமேட்டில் ஏலம் எடுத்து வந்து திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாமல் போகட்டும். துறைமுகத்துச் சேற்றில் கால் வைக்கும்போது முழங்கால்வரை தெறிக்கிற தண்ணீரில் என்னென்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். டீசல், ஐஸ் கரைந்த தண்ணீர், குடல், யாரோ துப்பிய எச்சில். சாயங்காலம் எலுமிச்சம்பழத் தோலை வைத்துக் கையைத் தேய்தேய் என்று தேய்த்தாலும் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகும்போது விரல் நாறும். கல்யாண வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் மெல்ல அடுத்த நாற்காலிக்கு நகர்வதைப் பார்த்திருக்கிறேன். வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிற தொழில் இது. வீட்டுக்குள்ளேயும் மீன் வேண்டும் என்று நான் யாரையும் கேட்கவில்லை.

ஆனாலும் வந்தது. என் வீட்டுக்காரர் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தவர். சங்கிலி நழுவி ஒரு இரும்புக் கதவு வலது காலில் விழுந்தது. முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு உடைந்து, உள்ளே கம்பி வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தினமும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், நடக்காவிட்டால் கால் அப்படியே இறுகிப்போகும் என்றார் டாக்டர். மனுஷன் நடக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான். சாப்பாடு கொண்டுபோனால், "அப்பால துன்றேன், வெச்சிட்டுப் போமே" என்பார். தட்டில் சோறு காய்ந்து கிடக்கும். மூத்திரக் குடுவையை நான்தான் எடுத்துக் கொட்டினேன். அதில்கூட எனக்கு அருவருப்பு வரவில்லை. அவர் அப்படிக் கிடந்ததைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் அவருடைய தோஸ்து ஒருவர், லாரி ஓட்டுகிறவர், வீட்டைக் காலி செய்துகொண்டு சொந்த ஊருக்குப் போனார். கொண்டுபோக வழியில்லாத ஒரு கண்ணாடித் தொட்டியை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டார். உள்ளே இரண்டே மீன்கள். விரல் நீளம்கூட இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் ஏதோ ஆற்று மீனாம், கிரிபென்சிஸ் என்று பெயராம். கடைக்காரர்கள் சுருக்கமாகக் கிரிப் என்பார்கள். நீளமாக இருந்தது ஆண். குட்டையாக, வயிற்றில் மட்டும் குங்குமத்தைத் தேய்த்த மாதிரிச் சிவப்போடு இருந்தது பெண். இதைக் குழம்பு வைத்தால் கால் கரண்டி தேறாது என்று நினைத்துக்கொண்டேன்.

தொட்டியை வைக்க முன் அறையில்தான் இடம் இருந்தது. அவர் கட்டில் உள் அறையில். மறுநாள் நான் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து வாக்கர் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், பல்லைக் கடித்துக்கொண்டு, வேர்த்துக் கொட்ட, மனுஷன் நடந்து வந்துகொண்டிருக்கிறார். நேராகத் தொட்டிக்கு முன்னால் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் மீனையே பார்த்தார். பிறகு, "சோறு கீதா?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. நான் கெஞ்சினாலும் டாக்டர் மிரட்டினாலும் எழுந்திருக்காத ஆள் இந்த இரண்டு மீனைப் பார்க்க எழுந்திருக்கிறார். இவை இருக்கிறவரை கால் நடக்கும். இவை போனால் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

அதனால்தான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். அவற்றுக்கு ரத்தப்புழு என்று ஒன்று வாங்கி ஃப்ரிட்ஜில் உறைய வைத்தார். மேல் தட்டில் புழு, கீழ்த் தட்டில் இட்லி மாவு. கதவைத் திறக்கும்போதெல்லாம் குமட்டிக்கொண்டு வரும். அந்த மீனுக்குக் குகை மாதிரி ஒளிந்துகொள்ள இடம் வேண்டுமாம். என்னுடைய மீன் குழம்புச் சட்டியின் விளிம்பை உடைத்துத் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்தார். எத்தனையோ சங்கராவும் காரப்பொடியும் கொதித்த சட்டிக்குள் ஆப்பிரிக்காக்காரி குடித்தனம் நடத்தினாள்.

குடித்தனம் சரியாக நடக்கவில்லை. ஆண் துரத்த ஆரம்பித்தது. அந்தப் பெண் சட்டிக்குள்ளிருந்து தலை நீட்டினால் போதும், பாய்ந்து வந்து விலாவில் கொத்தும். வால் கிழிந்து தொங்கியது. வயிற்றுச் சிவப்பு வெளுத்துப்போனது. அவளுக்குத் தீனிகூடக் கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் யார் யாருக்கோ போன் போட்டுக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தொட்டில இதுங்க ரெண்டு பேரு மட்டும் கீறதாலதான் இந்தப் பேஜாரு. மேலாக்க ஒரு கூட்டம் ஓடிக்கினே இருந்தா, ஆம்பளைக்குக் கவனம் அங்க பூடும். இவளும் தைரியமா வெளிய வருவா. அந்த ஊரு மீனே வாங்கிப் போடலாம், ஆனா வெல தாங்காது. நம்ம கைக்கு அடங்குறாப்ல எதுனா பாரு."

"எதுனான்னா எது?"

"மேல் தண்ணில ஓடணும். சுறுசுறுப்பா இருக்கணும். துடுப்பு நீளமா தொங்குறது வேணாம், இவன் கடிச்சித் துப்பிடுவான். அடியில கெடக்குற கெளுத்தி ஜாதி வேணாம், சண்டை வரும். டேங்க் கிளீனர்னு கறுப்பா ஒண்ணு தருவான், அது முட்டையத் தின்னுடும். பேசாம ஜீப்ரான்னு கேளு. சின்னதா, கோடு போட்டுனு இருக்கும். கெடைக்கறதுலயே அதான் மலிவு."

டேங்க் கிளீனர் என்றதும் எனக்கு உடம்பு கூசியது. ஏரியில் வலை போடுகிறவர்கள் அதைத் திட்டிக்கொண்டே கரையில் வீசுவதைப் பார்த்திருக்கிறேன். செதிலுக்குப் பதில் ஓடு, தண்ணீர் இல்லாமலும் சாகாமல் வாயைத் திறந்து திறந்து மூடும். காசு கொடுத்து அதை வீட்டில் வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டுக்காரி, "கால்வாய்ல கப்பி மீனு கொட்டிக் கெடக்குது, ஒரு சல்லடைய எடுத்துக்கினு போனா சும்மாவே அள்ளலாமே" என்றாள். போய்ப் பார்த்தேன். தண்ணீர் என்றா சொல்வது? மேலே எண்ணெய் வழவழவென்று ஏழு நிறத்தில் நெளிந்தது. ஒரு பக்கம் சாணிக் கலரில் நுரை, அதில் சொருகி நிற்கும் பிளாஸ்டிக் கவர்கள். மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பியபோது கேஸ் நாற்றமும் சேர்ந்துகொண்டது. அதற்குள்ளும் ஊசி ஊசியாக மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. சீ என்று போய்விட்டது. இலவசமானாலும் இது வேண்டாம் என்று சல்லடையைக் காலியாகவே கொண்டுவந்தேன்.

மறுநாள் வியாபாரம் முடிந்ததும், கையையும் காலையும் கழுவிக்கொண்டு, ஷேர் ஆட்டோ ஏறி, பஸ் மாறி மாதவரம் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். சந்துக்குள் இருட்டான கடை. சுவர் முழுக்கத் தொட்டி. பாசியும் புழுவும் ஈரச் சாக்கும் சேர்ந்த புழுங்கல் நாற்றம். கடைக்காரர் முப்பது வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். ஜீப்ரா கேட்டேன். காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெத்திலிக் குஞ்சு மாதிரி இருந்தது. சதை இல்லை, வயிறு இல்லை, ஒட்டி உலர்ந்துபோய் இங்கும் அங்கும் ஓடியது.

"இன்னா நைனா இது? எலும்பும் தோலுமா கீது. இத்தப் போயி காசு குடுத்து வாங்குவாங்களா?"

"அதோட ஒடம்பே அப்டித்தான்கா."

"எனக்கே மீனு சொல்லித் தர்றியா? வேற காட்டு."

இந்த வாய்தான் எனக்குச் சத்துரு. பக்கத்துத் தொட்டியில் ரோஸ், நீலம், பச்சை என்று ஹோலிப் பொடியில் புரண்ட மாதிரி மீன்கள் இருந்தன. விடோ டெட்ரா என்றார். நடுவிலும் மேலேயும் கூட்டமாக ஓடின. பழைய சரக்கு, குறைத்துத் தருகிறேன் என்றார். பழைய சரக்கைக் குறைத்து விற்பது எனக்குப் புதுசா? சாயங்காலம் ஆனால் நானும்தான் மீந்த மீனைக் கூறு கட்டி வந்த விலைக்குத் தள்ளுவேன். செவுள் சிவப்பாக இருக்கிறதா, வயிறு கெட்டியாக இருக்கிறதா, அதைப் பார்த்து எடுக்கத் தெரிந்தவளுக்கு நஷ்டமில்லை.

எடுத்தேன். வலையில் அவர் அள்ளியதை என் உள்ளங்கையில் வாங்கினேன். கட்டைவிரல் நகத்தால் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். வயிற்றை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தேன். ஒட்டிய வயிறாக இருந்ததைத் தொட்டியிலேயே போட்டேன். உப்பலாக, கல் மாதிரி கெட்டியாக இருந்ததைத் தனியாக வைத்தேன். மார்க்கெட்டில் அப்படியிருந்தால் சினை மீன் என்று அர்த்தம், அதற்குத்தான் அடித்துக்கொள்வார்கள். கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். "சோக்கா பொறுக்குறியேக்கா" என்று மட்டும் சொன்னார். ஆறு மீன். ஆறும் தொப்பை. ஏமாற்ற முடியாதவளாக நிமிர்ந்து நடந்து வந்தேன்.

வீட்டுக்காரர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். முகம் மாறியது.

"ஜீப்ரா இன்னாச்சு?"

"அது நோஞ்சானா இருந்திச்சு. இதப் பாரு, எல்லாம் சினை. கையில புடிச்சி, அமுக்கிப் பாத்துத்தான் எடுத்தேன்."

"கையில புடிச்சியா? உயிரோட கீற மீனையா?"

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். மெல்லச் சொன்னார். உயிர்மீனைக் கையால் பிடித்தால் மேலே இருக்கிற வழவழப்பு போய்விடும், பிறகு எந்த நோயும் ஏறும். இந்தத் தொப்பை சினை இல்லை, உள்ளே நீர் கோத்திருக்கிறது. இந்தக் கலரும் பிறவிக் கலர் இல்லை. வெள்ளை மீனுக்கு ஊசியால் சாயம் ஏற்றுகிறார்கள். "அந்தக் கடையில கீறதுலயே சீக்கு மீனாப் பாத்து, பொறுக்கி எட்தாந்துகீற" என்றார். தனியாக வைத்துப் பார்க்கலாம் என்றால் வேறு தொட்டி இல்லை. பிளாஸ்டிக் வாளியில் ஒரு ராத்திரி வைத்தார். காலையில் ஒன்று வாய் பிளந்து மிதந்தது. மிச்சத்தையும் சாக விட மனசில்லாமல் தொட்டியில் விட்டார்.

அடுத்த ஒரு வாரம் அந்தத் தொட்டிப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. ஒரு ரோஸ் மீனுக்குச் செதில்கள் எழும்பி நின்றன. கண் பிதுங்கியது. பின்னாலிருந்து வெள்ளையாக நூல் மாதிரி தொங்கியது. ஒரு நாள் நான் மார்க்கெட்டிலிருந்து வந்தபோது அது செத்து, மற்றவை அதன் வயிற்றைக் கொத்தித் தின்றுகொண்டிருந்தன. சாயம் வேறு வெளுத்துக்கொண்டே வந்தது. நீல மீனின் முதுகில் பாதி நீலம், பாதி செத்த வெள்ளை. நோய் முற்றாத மற்றவை அந்தப் பெண் கிரிப்பின் கிழிந்த வாலை இன்னும் கடித்தன. அவள் சட்டியை விட்டு வருவதே இல்லை. வீட்டுக்காரர் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றச் சொன்னார், மாற்றினேன். கல்லுப்பு போடச் சொன்னார், போட்டேன். ஸ்டூலில் உட்காருகிற நேரம் குறைந்தது. ஒரு நாள், "கால் வலிக்குது, நீயே பாத்து சொல்லு" என்று கட்டிலிலிருந்தே குரல் கொடுத்தார். தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் காலியாகக் கிடந்தது.

அன்று வெளுத்துப்போன அந்த நீல மீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. நேற்றைய வஞ்சரத்தின் செவுள் கறுத்துப்போனால், அன்றைக்கு வெட்டிய மீனின் ரத்தத்தைத் தொட்டு அதில் தடவி வைப்போம். நானும் தடவியிருக்கிறேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. நம்பி வாங்கிப்போனவர்கள் வீட்டில் அது எப்படி வேகும், யார் அதைத் தின்பார்கள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசித்தால் கை நின்றுவிடும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் புத்தி வந்த அரை மணி நேரத்திலேயே அது கோபமாக மாறிவிட்டது. என்னைத் திட்டிக்கொள்வதைவிட அந்தக் கடைக்காரரைத் திட்டுவது சுலபம்.

மிச்சமிருந்த நாலையும் தண்ணீரோடு கவரில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பையில் பஸ் காசு மட்டும்தான். காசைத் திருப்பி வாங்காமல் வரப்போவதில்லை, வழியெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று வார்த்தை சேர்த்துக்கொண்டு போனேன். எங்கள் மார்க்கெட்டில் நான் வாயைத் திறந்தால் நாலு கடைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

கடைக்குள் நுழைந்து கவரை மேசைமேல் வைத்தேன். "இன்னா நைனா, சீக்கு மீன தலையில கட்டிட்ட?" என்று தொடங்கினேன். அப்போதுதான் பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். என் வயசுதான் இருக்கும். தோளில் துணிப்பை, செருப்பில் சேறு. சடையங்குப்பத்திலிருந்து வருவதாகச் சொன்னாள். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து எல்லாம் போனதாம், இப்போதுதான் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்களாம். வீடு மொக்கையாக இருக்கிறது, கலராக ஏதாவது வாங்கி வைக்கலாம் என்று வந்திருக்கிறாள். கலர் மீன் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைக்காரர் என் பக்கம் குனிந்தார். "துட்டு வாபஸ் இல்லக்கா. பத்து ஜீப்ரா கட்டித் தர்றேன், நல்ல மீனு, நேத்துதான் வந்திச்சு. கம்முனு எடுத்துக்கினு போ."

பத்து ஜீப்ரா. கடையிலேயே மலிவான மீன். என் கண்முன்னால் அந்தக் கிழிந்த வாலும், காலியான ஸ்டூலும்தான் நின்றன. வாயை மூடிக்கொண்டேன்.

அவர் ஜீப்ராவை வலையால் அள்ளிக் கவரில் கட்டினார். பிறகு அந்தப் பெண் அடுத்த தொட்டிப் பக்கம் நகர்ந்ததும், நான் கொண்டுபோன கவரைப் பிரித்து, அந்த நாலு மீனையும் அதே கலர் தொட்டியில் சர்ரென்று ஊற்றினார். என் முன்னாலேயே. கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. நானும் இந்தத் தொழில்தான் என்பது அவருக்கு அன்றைக்கு மீனை அமுக்கிய என் விரலைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

அந்தப் பெண் என்னிடம் திரும்பினாள். "நீயும் இங்கதான் வாங்குவியாக்கா? மீனு நல்லா இருக்குமா?"

"நல்லா இருக்கும்" என்றேன்.

அவள் நாலு காட்டினாள். ரோஸ் ஒன்று, பச்சை இரண்டு, பாதி வெளுத்த நீலம் ஒன்று. "இது ரெண்டு கலரு கீது பாரேன்" என்று அதை எனக்கே காட்டிச் சிரித்தாள். ஜீப்ரா கவரை மாரோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் முகத்தைத் திருப்பிக்கொள்ள இடம் கிடைக்கவில்லை.

வீட்டுக்காரர் சொன்னபடியே நடந்தது. நெத்திலி என்று நான் சிரித்த அந்தப் பத்தும் மேல் தண்ணீரில் ஓயாமல் ஓடின. ஆண் இரண்டு நாள் அவற்றைத் துரத்தித் துரத்தி அலுத்துப்போனது. பெண்ணை மறந்தது. நாலாம் நாள் அவள் சட்டியை விட்டு வெளியே வந்து தீனி தின்றாள். வால் வளர்ந்தது. வயிறு பழையபடி சிவந்தது. சில வாரம் கழித்துச் சட்டிக்குள்ளிருந்து தூசு மாதிரிக் குஞ்சுகள் வந்தன. அப்பனும் ஆத்தாளும் இரண்டு பக்கமும் காவல். வீட்டுக்காரர் இப்போது வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார். தெருமுனை டீக்கடைவரை போய் வருகிறார். வருகிற போகிறவர்களைக் கூப்பிட்டுத் தொட்டியைக் காட்டி, "எம் பொண்டாட்டி வாங்கியாந்த மீனு" என்கிறார்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டார். "தே, அந்தச் சீக்கு மீனு நாலு எடுத்துக்கினு போனியே, அத்த இன்னா பண்ணான்?"

"கொட்டிட்டான்" என்றேன்.

"நல்ல மனுஷன்தான். வேற எவனாச்சும்னா அத்தயே இன்னொருத்தர் தலைல கட்டியிருப்பான்" என்று சொல்லிவிட்டு, தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். போட்டேன்.